கேட்காமல் பார்த்த கடல்

துடியலூரில் வேலுமணி குடியிருக்கும் சந்துக்குள் ஒரு மினி ஆட்டோ திரும்பினாலே நாலு பேர் வெளியே வந்து வழி சொல்ல வேண்டும். அந்தச் சந்து முனையில், ஆடி பிறந்த மூன்றாம் நாள் காலையில், வெள்ளை வெளேரென்று ஒரு வீடு வந்து நின்றது. வீடு என்றால் வீடேதான். சன்னல், சன்னலுக்குத் திரை, பக்கவாட்டில் கதவு, கதவுக்குக் கீழே இரண்டு படி. என்ன, அடியில் சக்கரம் இருந்தது. முன்பக்கக் கதவைத் திறந்து இறங்கிய ஆள், சொன்னால் நம்பமாட்டீர்கள், பாவாத்தாளின் புருசன்.

"ஏறு புள்ள, கடலுக்குப் போறோம்" என்றார் வேலுமணி.

பாவாத்தாள் கையில் பால் பாக்கெட்டோடு நின்றாள். "யாருங்க போறது?"

"நாமதான். நீயும் நானும்."

ஐம்பத்தொரு வயதுக்கு அவள் கடலை டிவியில் பார்த்ததோடு சரி. வேலுமணி இருபத்தெட்டு வருசம் கல்லூரிப் பேருந்து ஓட்டினார். காலையில் துடியலூரில் எடுத்தால் கிணத்துக்கடவு தாண்டி இருக்கும் கல்லூரியில் போய் நிற்கும். சாயங்காலம் அதே வழியில் திரும்பும். இந்த இருபத்தெட்டு வருசத்தில் எங்கேயாவது போகலாம் என்று வீட்டில் பேச்செடுத்தால் அவரிடம் ஒரே பதில்தான் இருக்கும்: "உட மாட்டாங்க." கல்லூரி ஆட்கள் வருசா வருசம் குடும்பத்தோடு கொடைக்கானல் போனார்கள், டிரைவர் குடும்பத்தை உட மாட்டாங்க. பவானியில் பாவாத்தாளின் தங்கை மகளுக்குக் கல்யாணம். ரெண்டு நாள் லீவு உட மாட்டாங்க. யார் விடமாட்டார்கள், ஏன் விடமாட்டார்கள் என்று பாவாத்தாள் கேட்டதில்லை. அவளும் மில்லில் நூல் சுற்றும் பிரிவில் வேலை பார்த்தவள். வேலைக்குப் போகிற இடத்தில் நாலு விடமாட்டார்கள் இருக்கத்தானே செய்யும் என்று விட்டுவிட்டாள்.

"இப்ப மட்டும் எப்படீங்க உட்டாங்க?"

"வம்சி தம்பி வண்டி இது. சுந்தரராஜுலு ஐயா மகன். எடுத்துட்டுப் போங்கண்ணான்னாரு."

சுந்தரராஜுலு ஐயா அந்தக் கல்லூரியின் சொந்தக்காரர். வேலுமணி வைகாசியில்தான் ஓய்வு பெற்றிருந்தார். அப்படியானால் இது அதற்கான மரியாதையாக இருக்கும் என்று பாவாத்தாள் தானாகவே முடிவு கட்டிக்கொண்டாள். வேலுமணி ஆமாம் என்றும் சொல்லவில்லை, இல்லை என்றும் சொல்லவில்லை. "ரெண்டு நல்ல சேலையா எடுத்துக்க. மசாலாப் பொடியெல்லாம் எச்சாவே எடுத்துக்க. பெரிய குண்டானும் இருக்கட்டும்" என்றார்.

இரண்டு பேருக்கு எதற்குப் பெரிய குண்டான்? குழப்பம் அங்கேயே ஆரம்பித்துவிட்டது. சந்தோசத்தில் இருக்கிறவளுக்குக் குழப்பமெல்லாம் கண்ணுக்குத் தெரியுமா? அக்கம்பக்கத்துப் பெண்கள் படியேறி எட்டிப் பார்த்தார்கள். உள்ளே அடுப்பு, குளிர்பெட்டி, கைகழுவும் தொட்டி, மெத்தைக் கட்டில், கதவு போட்ட கக்கூஸ். பாவாத்தாள் ஏதோ தானே கட்டிய வீட்டைக் காட்டுவது போல ஒவ்வொன்றையும் திறந்து திறந்து காட்டினாள். வேலுமணியோ வெளியே நின்று வண்டியின் நாலு பக்கத்தையும் போனில் படம் எடுத்துக்கொண்டிருந்தார். பின்பக்கம் ஒரு சின்னக் கீறல் இருந்தது. அதைக் கிட்டே போய்த் தனியாக எடுத்தார்.

"கீறலை எதுக்குங்க படம் புடிக்கறீங்க?"

"சும்மாதான்."

கிணத்துக்கடவு தாண்டும்போது பாலக்காட்டுக் காற்று வண்டியைப் பக்கவாட்டில் தள்ளியது. கல்லூரி வாசல் வந்ததும் வேலுமணியின் கை பழக்கத்தில் இண்டிகேட்டரைத் தட்டிவிட்டது. அதைப் பார்த்துப் பாவாத்தாள் சிரித்த சிரிப்பு உடுமலை வரைக்கும் ஓயவில்லை. பழநி, திண்டுக்கல், மதுரை என்று ஊர்கள் போய்க்கொண்டே இருந்தன. மத்தியானம் அவள் எழுந்து பின்னால் போய் அந்தக் கட்டிலில் சாயப் போனாள். மெத்தை மேல் போட்டிருந்த பிளாஸ்டிக் உறை கிரீச்சென்றது. அதைக் கழற்றப் போனவளை முன்னாலிருந்து ஒரு சத்தம் தடுத்தது.

"அதைக் கழட்டாத புள்ள! பெஞ்சுல படுத்துக்க."

"ஏனுங்க?"

"அழுக்காயிரும்."

அன்றைக்குத் தூத்துக்குடிக்குப் போய்ச் சேர்ந்து, அவள் பெஞ்சில் படுத்தாள். அவர் டிரைவர் சீட்டைச் சாய்த்துப் படுத்தார். இரண்டு பேருக்கும் நடுவில் நல்ல அகலமான கட்டில் உறை போட்டபடி சும்மா கிடந்தது. இது என்ன கூத்து என்று பாவாத்தாளுக்குப் புரியவில்லை. நல்ல வண்டியைப் பத்திரமாகத் திருப்பிக் கொடுக்க வேண்டும் என்று நினைக்கிறார் போல என்று தேற்றிக்கொண்டாள். நம் ஆட்கள் தேற்றிக்கொள்வதில் கெட்டிக்காரர்கள்.

மறுநாள் காலையில் தூத்துக்குடியில் ஒரு வீட்டு முன்னால் வண்டியை நிறுத்தி, ஆள் நீளத்துக்கு இரண்டு பைகளைத் தோளில் சுமந்து வந்து உள்ளே கிடத்தினார் வேலுமணி. பாவாத்தாள் ஒரு பையை விரலால் அழுத்திப் பார்த்தாள். ஓரிடத்தில் மெத்தென்றும் ஓரிடத்தில் கெட்டியாகவும் இருந்தது. விரலைச் சட்டென்று எடுத்துக்கொண்டாள்.

"ஏனுங்க, உள்ள யாருங்க?"

"அட யாருமில்ல புள்ள. பட்டம்."

"பட்டமா? இத்தன நீளத்துக்கா? யாரு உடறதுக்கு?"

"வம்சி தம்பிது. அதப் புடிச்சுட்டுக் கடல்ல ஒரு பலகை மேல நின்னு போவாரு. கைட் சர்ஃபிங்னு பேரு. காத்து இழுக்க இழுக்கத் தண்ணி மேல போறது."

"தம்பி கோயமுத்தூர்ல இருக்காரு. அவரு பட்டம் எதுக்குங்க நம்ம கூட வருது?"

"கொண்டு போயிக் குடுக்கோணும்" என்றார். யாரிடம் என்று கேட்பதற்குள் வண்டியை எடுத்துவிட்டார்.

வேம்பார் தாண்டி, சாயல்குடிப் பக்கம் சாலையை விட்டு இறங்கி வேலுமணி வண்டியை நிறுத்தினார். முன்னால் மணல். மணலுக்கு அப்புறம் கடல். இப்படி ஒன்று இருக்கிறது என்று எத்தனை பேர் எத்தனை தரம் சொல்லியிருப்பார்கள்! ஒருத்தராவது ஒழுங்காகச் சொன்னார்களா என்று பாவாத்தாளுக்குக் கோபமே வந்தது. செருப்பைக் கழற்றி வீசிவிட்டு ஓடினாள். அலை வந்து கணுக்காலை நனைத்தது. திரும்பிப் போகும்போது காலடி மணலையும் உருவிக்கொண்டு போனது. அய்யோ சாமி என்று கத்திக்கொண்டே சிரித்தாள். சேலை முழங்கால் வரைக்கும் நனைந்தது. நனையட்டும். திருப்பூரில் பனியன் கம்பெனியில் வேலை பார்க்கும் மகள் மதிவதனிக்கு வீடியோ போட்டுக் காட்டினாள். "அம்மா, அப்பாவா உன்னக் கூட்டிட்டுப் போனாரு? நம்ம அப்பாவா?" என்று மதி மூன்று தரம் கேட்டாள்.

"அப்பாதான் கண்ணு. பாரு, அக்கட்ட நிக்கறாரு."

வேலுமணி வண்டியும் கடலும் சேர்ந்து தெரிகிற மாதிரி ஒரு படம் எடுக்க நின்றுகொண்டிருந்தார். பாவாத்தாள் ஓடிப்போய் வண்டி ஓரம் நின்று முந்தானையைச் சரிசெய்தாள்.

"கொஞ்சம் தள்ளி நில்லு புள்ள."

அவள் இடது பக்கம் தள்ளினாள்.

"இன்னும் தள்ளிக்க. வண்டி மட்டும் தெரியோணும்."

படத்தை எடுத்து உடனே யாருக்கோ அனுப்பினார். போன் அடித்தது. எடுத்துக்கொண்டு இருபது எட்டு நடந்து போய், "ஆமாங்க தம்பி. நல்லபடியா வந்துட்டே இருக்கோமுங்க" என்றார். காற்று அந்தப் பக்கத்திலிருந்து அடித்ததால் பாவாத்தாளுக்கு நன்றாகவே கேட்டது. இருக்கோம் என்கிறாரே, நம்மையும் சேர்த்துத்தான் சொல்கிறார் என்று அதிலும் ஒரு திருப்தி. பாவம்.

ஏர்வாடி, கீழக்கரை, மண்டபம், அப்புறம் இரண்டு பக்கமும் கடலாகக் கிடக்கும் பாம்பன் பாலம். அது முடிந்து தீவுக்குள் ஒரு சவுக்குத் தோப்பு ஓரத்தில் வண்டி நின்றது. அங்கே கடல் அலையே இல்லாமல் குளம் போலப் பரந்து கிடந்தது, இடுப்பளவு ஆழம்தான். காற்று மட்டும் விடாமல் வீசியது. அந்த மாதிரி இடம்தான் பட்டக்காரர்களுக்குத் தோதாம். வானத்தில் ஏழெட்டுப் பட்டங்கள் நின்றன, ஒவ்வொன்றும் ஒரு கார் அளவுக்கு. கீழே ஒவ்வொன்றிலும் ஒரு ஆள் தொங்கிக்கொண்டு தண்ணீரைக் கிழித்துக்கொண்டு போனான்.

அடுத்த நாள் ரயிலில் வந்து, ஆட்டோவில் இறங்கினார்கள் வம்சியும் அவன் மனைவி ஷ்ரவ்யாவும். இருவருக்கும் முப்பது வயது இருக்கும். பாவாத்தாள் கையைத் துடைத்துக்கொண்டு படியில் வந்து நின்றாள். நமக்கு வண்டி கொடுத்த பிள்ளைகள், நாம் எப்படி இருக்கிறோம் என்று பார்க்கவே வந்துவிட்டார்களே என்று அவளுக்கு ஒரே நெகிழ்ச்சி.

ஷ்ரவ்யா அவளைப் பார்த்து அழகாகச் சிரித்தாள். "நீங்கதான் சமையல் அக்காங்களா?"

பாவாத்தாள் திரும்பிப் பின்னால் பார்த்தாள். பின்னால் யாரும் இல்லை.

"ஆமாங்க பாப்பா" என்றார் வேலுமணி. "நல்லா சமைப்பாங்க."

சமைப்பாங்க! கட்டிக்கொண்டு வந்து முப்பது வருசமாகிறது. இத்தனை நாளில் 'புள்ள' என்று கூப்பிட்டிருக்கிறார், 'ஏய்' என்று கூப்பிட்டிருக்கிறார், கோபம் வந்தால் அப்பன் பேரைச் சொல்லித் திட்டியும் இருக்கிறார். 'ங்க' போட்டதே இல்லை. பஸ்ஸில் பக்கத்து சீட்டில் உட்கார்ந்தவளைச் சொல்வது போலச் சொன்னார். பாவாத்தாளுக்குக் காது கேட்டது, அர்த்தம் ஏறவில்லை. வம்சி கட்டிலைப் பார்த்துவிட்டு, "பிளாஸ்டிக்கூடக் கழட்டாமக் கொண்டு வந்திருக்கீங்களேண்ணா, சூப்பர்" என்று உறையைச் சரக்கென்று உருவியபோதுதான் எல்லாம் ஒவ்வொன்றாக விளங்க ஆரம்பித்தது. பெரிய குண்டான் விளங்கியது. கீறலின் படம் விளங்கியது. தள்ளி நில்லு புள்ள விளங்கியது.

தோப்புக்குப் பின்னால் ஒரு தண்ணீர்க் குழாய் இருந்தது. குடத்தை எடுத்துக்கொண்டு அங்கே போனாள். கொஞ்ச நேரத்தில் வேலுமணியும் வந்தார்.

"ஏனுங்க, நான் யாருங்க?"

"என்ன புள்ள கேள்வி இது?"

"இல்லீங்க, தெரிஞ்சுக்கலாம்னுதான். சமையல்காரின்னா சமையல்காரியாட்ட நின்னுக்கறேன். பொண்டாட்டின்னா பொண்டாட்டியாட்ட நின்னுக்கறேன். ரெண்டுக்கும் நிக்கற எடம் வேறைங்கல்ல?"

வேலுமணி குழாயைத் திறந்துவிட்டார், தண்ணீர்ச் சத்தத்தில் பேச. "தம்பி வண்டியக் கொண்டாந்து உடச் சொன்னாரு. சமைக்க ஒரு ஆளு கெடைச்சாத் தேவலைன்னாரு. ஒருத்தங்க இருக்காங்கன்னு சொல்லிப்போட்டேன். பொண்டாட்டியக் கூட்டிட்டு வாரேன்னா உட மாட்டாங்க புள்ள. வண்டி ஓட்டச் சொன்னா ஊர் சுத்தப் பாக்கறானேன்னு நெனப்பாங்க. சமையலுக்குன்னா ஒண்ணும் சொல்ல மாட்டாங்க. நீயும் கடல் பாத்தாப்பல ஆச்சு. ரெண்டு நாளைக்குப் பொறுத்துக்க."

அவருடைய முகத்தில் கள்ளத்தனம் இல்லை. அதுதான் பாவாத்தாளுக்குத் தாங்கவில்லை. நல்லது செய்துவிட்ட ஆள் மாதிரி நின்றார். கன்னத்தில் ஒன்று வைப்பதா, தலையைத் தடவிக் கொடுப்பதா? கூட்டிக்கொண்டு வந்தது கடலுக்கா, அடுப்புக்கா? இரண்டுக்கும்தான் என்றால் அதற்கு எந்த மாதிரி முகத்தை வைத்துக்கொள்வது? குடம் நிறைந்து வழிந்தது. அவள் அதைத் தூக்கிக்கொண்டு வந்துவிட்டாள்.

சமைத்தாள். வேறென்ன செய்வாள்? ஆனால் ஒன்றை மட்டும் மனசுக்குள் வைத்துக்கொண்டாள். இவர் வாயால் இவராக, இந்தப் பிள்ளைகளுக்கு முன்னால், இது என் சம்சாரம் என்று சொல்ல வேண்டும். நான் சொல்லமாட்டேன். சொன்னால் அவருக்குத்தான் அவமானம். ஆனால் அவர் சொல்லாமல் இந்தப் பாலத்தைத் திரும்பத் தாண்டினால், ஊருக்குப் போய் இறங்குகிறவள் பொண்டாட்டியாக இருக்க மாட்டாள்.

குறை சொல்லக்கூடாது, அந்தப் பிள்ளைகள் தங்கமானவர்கள். சாப்பிட்ட தட்டை அவர்களே கழுவினார்கள். அக்கா, நீங்க உள்ளேயே பெஞ்சில் படுத்துக்கோங்க என்று ஷ்ரவ்யா அவளுக்குப் போர்வை எடுத்துக் கொடுத்தாள். வேலுமணிக்கு வெளியே கூடாரம். காலையில் உப்புமாவைச் சாப்பிட்டுக்கொண்டே ஷ்ரவ்யா வேலுமணியிடம் கேட்டாள்: "அண்ணா, நீங்க உங்க ஒய்ஃபையும் கூட்டிட்டு வந்திருக்கலாமுங்க. பாவம், அவங்களும் கடல் பாத்திருப்பாங்கல்ல?"

கரண்டி அந்தரத்தில் நின்றது. பாவாத்தாள் வேலுமணியைப் பார்த்தாள். சொல்லுங்க, இதைவிட நல்ல நேரம் வராது, தட்டில் வைத்து நீட்டுகிறாள் அந்தப் பிள்ளை.

வேலுமணி தட்டைப் பார்த்தே சொன்னார்: "அவளுக்கு வண்டியில வந்தாத் தல சுத்துமுங்க பாப்பா."

"அப்படீங்களா?" என்றாள் பாவாத்தாள். "அவிய கிட்ட ஒரு வார்த்தை கேட்டுப் பாத்தீங்களா?"

"கே… கேக்கலீங்க."

"கேட்டிருக்கலாமுங்க" என்று அவர் தட்டில் ஒரு கரண்டி உப்புமாவைத் தப்பென்று போட்டாள்.

வம்சி கடலில் இறங்கினான். இடுப்பில் பட்டையைக் கட்டிக்கொண்டு, பட்டத்தின் நாலு கயிறும் வந்து சேரும் கைப்பிடியைப் பிடித்து, காலடியில் பலகையைச் செருகிக்கொண்டு அவன் போன வேகத்தைப் பார்த்துப் பாவாத்தாள் வாயில் கை வைத்தாள். ஓரிடத்தில் தண்ணீரை விட்டே மேலே எழும்பி, கொஞ்ச நேரம் சும்மா காற்றில் இருந்துவிட்டு இறங்கினான். அம்மாடியோவ்! கோபத்தில் இருந்தவளுக்கும் கை தட்டத் தோன்றியது. தட்டினாள். அப்புறம் சமையல்காரி கை தட்டலாமா என்று தெரியாமல் நிறுத்திக்கொண்டாள்.

கரைக்கு வந்த வம்சி வேலுமணியை விடவில்லை. "அண்ணா, நீங்களும் ஒருக்கா புடிச்சுப் பாருங்க. கத்துக்கறவங்களுக்குன்னு சின்னப் பட்டம் இருக்குது. மணல்ல நின்னே பழகலாமுங்க."

வேண்டாம் என்று சொல்ல வேலுமணிக்கு எங்கே வரும்? பெரிய இடத்துப் பிள்ளை பிடி என்றால் பிடித்துத்தானே பழக்கம். வம்சி கைப்பிடியைக் கொடுத்துச் சொன்னான்: "ஒண்ணே ஒண்ணு ஞாபகம் வெச்சுக்கங்க. இழுப்பு தாங்கலைன்னா கைய உட்டுருங்க. விட்டா பட்டம் தானா விழுந்துரும். அவ்வளவுதானுங்க."

அவனுக்கு என்ன தெரியும்! இருபத்தெட்டு வருசம், பேருந்து நிறையப் பிள்ளைகளை வைத்துக்கொண்டு ஸ்டியரிங் பிடித்த கை அது. டயர் வெடித்தாலும் விடாதே, மாடு குறுக்கே வந்தாலும் விடாதே, உயிரே போனாலும் கையை மட்டும் விடாதே என்றுதான் அந்தக் கைக்குத் தெரியும். ஆடிக் காற்று ஒரு மொத்து மொத்தியது. பட்டம் சடாரென்று பக்கவாட்டில் பாய்ந்தது. வேலுமணி இரண்டு எட்டு ஓடி, குப்புற விழுந்தார். கை மட்டும் கைப்பிடியில் ஒட்டிக்கொண்டது. பட்டம் இழுக்க இழுக்க மணலில் உழுதுகொண்டே போனார்.

"கைய உடுங்கண்ணா! உடுங்க!" வம்சி பின்னால் ஓடினான். வேலுமணி இன்னும் இறுக்கிப் பிடித்தார். அந்தப் பக்கம் சவுக்குத் தோப்பு நெருங்கிக்கொண்டிருந்தது.

பாவாத்தாள் எப்போது அடுப்பை விட்டு ஓடினாள் என்று அவளுக்கே தெரியாது. குறுக்கே பாய்ந்து அவர் முதுகின் மேலேயே விழுந்தாள். இரண்டு பேரையும் சேர்த்துப் பட்டம் இழுத்தது. "உட்டுப்போடுங்க! கையை உடச் சொல்றனல்ல! காது அடைச்சுப்போச்சா?" என்று கத்திக்கொண்டே கையிலிருந்த கரண்டியால் அவர் விரல் முட்டியில் நங்கு நங்கென்று நாலு போட்டாள். நாலாவது அடியில் கை விட்டது. பட்டம் தொப்பென்று மணலில் விழுந்தது.

அவரைப் புரட்டி உட்கார வைத்து, வாயிலிருந்த மணலை விரல் விட்டு வழித்தாள். முந்தானையால் முகத்தைத் துடைத்தாள். "எங்கீங்க வலிக்குது? நெஞ்சு வலிக்குதா? கால நீட்டுங்க, பாக்கறேன். ஒரு மனுசனுக்கு வயசு தெரிய வேண்டாமா? ஏதாச்சும் ஆயிருந்தா நான் என்னங்க பண்ணுவேன்?" என்று திட்டித் திட்டி அழுதாள். அவர் தலையை இழுத்து மாரோடு வைத்துக்கொண்டாள்.

நிமிர்ந்து பார்த்தால், வம்சியும் ஷ்ரவ்யாவும் எதிரே நின்றார்கள். டிரைவரை இப்படிக் கட்டிக்கொண்டு அழுகிற சமையல்காரியை அவர்கள் எங்கேயும் பார்த்திருக்க மாட்டார்கள்.

"அக்கா," என்று இழுத்தாள் ஷ்ரவ்யா. "அண்ணா உங்களுக்கு…?"

பாவாத்தாள் அவரை விட்டு விலகி உட்கார்ந்தாள். வாயை மூடிக்கொண்டாள். இப்போதும் நான் சொல்லமாட்டேன்.

வேலுமணி மணலைப் பார்த்தார். கடலைப் பார்த்தார். "என்ற சம்சாரமுங்க" என்றார்.

நேற்றிலிருந்து காத்திருந்த வார்த்தை வந்துவிட்டது. வந்ததும் குளிர்ந்துவிடும் என்று நினைத்திருந்தாள். குளிரவும் இல்லை, எரியவும் இல்லை. என்ன என்றே தெரியவில்லை.

வம்சி தலையில் கை வைத்துக்கொண்டான். "என்னங்கண்ணா இது! அக்காவ நேத்துல இருந்து… முன்னாடியே சொல்லியிருக்கலாமுல்லங்க?"

"உட மாட்டீங்கன்னு நெனச்சனுங்க தம்பி."

"நான் எப்பங்கண்ணா வேண்டாம்னு சொன்னேன்?"

"நீங்க சொல்லலீங்க."

"நீங்க கேட்டீங்களா?"

"கேக்கலீங்க" என்றார் வேலுமணி.

வம்சி அதை வருத்தத்தில்தான் கேட்டான். ஆனால் அந்தப் பதில் பாவாத்தாளின் உள்ளே போய், எங்கேயோ ஒரு கதவைத் தள்ளியது. வேலுமணியின் அப்பன் ஒரு தோட்டத்தில் கூலிக்குப் பண்ணையத்துக்கு இருந்தவர். எதையாவது கேட்கப் போனால் வாசலுக்கு வெளியே பாதி நாள் நிற்க வேண்டும். நின்றாலும் இல்லை என்றுதான் வரும். அப்பன் பக்கத்தில் நின்று நின்று வளர்ந்த பையன், அடுத்தவர் சொல்ல வேண்டிய 'இல்லை'யை முன்கூட்டியே தானே சொல்லிக்கொள்ளப் பழகிவிட்டான். அவளுக்கு அது தெரியாமலா? தெரியும். ஆனால் எது எதற்கெல்லாம் சொல்லிக்கொண்டான் என்று இந்த நிமிசம் வரை யோசித்ததில்லை. கொடைக்கானல் போகட்டும், தங்கை மகள் கல்யாணமும் போகட்டும்.

"ஏனுங்க," என்றாள். குரல் அவளுக்கே வேறு யாருடையதோ போல இருந்தது. "மதி பன்னெண்டாவதுல அத்தன மார்க்கு வாங்கி, கம்ப்யூட்டர் இஞ்சினியரிங் படிக்கோணும்னு அழுதாளே. நம்ம காலேஜ்லயே ஒரு சீட்டுக் கேளுங்கப்பான்னு உங்க கால்ல உழாத குறையாக் கேட்டாளே. டிரைவர் புள்ளைக்கெல்லாம் உட மாட்டாங்கன்னு வந்து சொன்னீங்களே."

வேலுமணி அடிபட்ட விரல் முட்டியைத் தேய்த்துக்கொண்டார்.

"அன்னிக்குக் கேட்டீங்களா?"

"கேட்டிருந்தாலும் குடுத்திருக்க மாட்டாங்க புள்ள."

"கேட்டீங்களா?"

வம்சி ஏதோ சொல்ல வாயெடுத்து நிறுத்திக்கொண்டான். அவனுடைய அப்பா கொடுத்திருப்பாரா மாட்டாரா என்று அவனுக்கும் தெரியாது. யாருக்குத்தான் தெரியும் இனி?

"இல்ல" என்றார் வேலுமணி.

பாவாத்தாள் எழுந்தாள். சேலையில் ஒட்டிய மணலைத் தட்டினாள். அழ வேண்டுமா, கத்த வேண்டுமா, பஸ் ஏறி ஊருக்குப் போக வேண்டுமா, ஒன்றும் புரியவில்லை. மனசு நூல் சிக்கல் போல ஆகிவிட்டது, எந்த முனையைப் பிடித்தாலும் இறுகியது. அடுப்பில் குழம்பு தீய்கிற வாசம் வந்தது. போய் அணைக்கவில்லை. நேராக ஷ்ரவ்யாவிடம் போனாள்.

"கண்ணு, நான் ஒண்ணு கேக்கட்டுங்களா?"

"சொல்லுங்க்கா."

"அந்தத் தண்ணிக்குள்ள நானும் வரோணும். நீங்க போற தூரம் வரைக்கும். என்னக் கூட்டிட்டு…"

"வாங்க்கா, அதுக்கென்ன!" ஷ்ரவ்யா அவள் கையைப் பிடித்துக்கொண்டு நடக்க ஆரம்பித்துவிட்டாள். பாவாத்தாள் இன்னும் கேட்டே முடிக்கவில்லை.

இவ்வளவுதானா? கேட்பது என்றால் இவ்வளவுதானா? முழங்கால், தொடை, இடுப்பு என்று தண்ணீர் ஏறியது. இடுப்பளவு வந்ததும் பாவாத்தாள் உடைந்து அழுதாள். பயப்படுகிறாள் என்று நினைத்த ஷ்ரவ்யா, "ஒண்ணும் ஆகாதுங்க்கா, நான் இருக்கறனல்ல" என்று தோளைச் சுற்றிக் கை போட்டாள். இது பயமில்லை.

"பாவாத்தா!"

திரும்பிப் பார்த்தாள். வேலுமணி கரையில் நின்றார். பேன்ட்டை முழங்கால் வரைக்கும் சுருட்டி, செருப்பை ஒரு கையில் பிடித்துக்கொண்டு, தண்ணீர் படாத இடத்தில் நின்றார். முகத்தில் இன்னும் மணல் இருந்தது.

"நானும் வரட்டுமா?" என்று கேட்டார்.

முப்பது வருசத்தில் அந்த மனுசன் வாய்விட்டு ஒன்றைக் கேட்டது அதுதான் முதல் தரம். வாங்க என்று ஒரு வார்த்தை சொன்னால் முடிந்தது. அது எவ்வளவு சுலபமான வார்த்தை என்று இப்போதுதான் பார்த்திருந்தாள். ஆனால் வாயைத் திறந்தால் மதியின் முகம் வந்து நின்றது. வா என்றும் சொல்ல முடியவில்லை, வேண்டாம் என்றும் சொல்ல முடியவில்லை. அவர் நின்றுகொண்டே இருந்தார். பாவாத்தாள் தண்ணீருக்குள் நின்று அவரையே பார்த்துக்கொண்டிருந்தாள்.